ஹூஸ்டனுக்கு நான் மட்டும் முதலில் போகலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் அருமனை பக்கம். வயது 39. பன்னிரண்டு வருஷமாகக் குவைத்தில் சுகாதார அமைச்சகத்தின் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். சம்பளம் 850 தினார். வீட்டுக்காரர் இங்கே ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். இன்னும் ஐந்து மாதத்தில் அவருக்குப் பத்து வருஷம் முடியும். மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. இரண்டு பேருமாகச் சேர்ந்து மாதம் ஒன்றேகால் லட்சம் ஊருக்கு அனுப்புகிறோம். என்கிளெக்ஸ் என்கிற அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை பாஸ் பண்ணி, ஒரு ஏஜென்சி மூலமாக 2023 மார்ச்சில் அமெரிக்க கிரீன் கார்டுக்குப் போட்டிருந்தேன். இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும் என்றார்கள், அதோடு மறந்துவிட்டேன். போன மாதம் கூப்பிட்டு, "உங்கள் கணவர் குவைத்தில் பிறந்தவர், அதனால் உங்கள் வரிசை வந்துவிட்டது, ஹூஸ்டனில் ஆஸ்பத்திரி வேலை, மணிக்கு 38 டாலர்" என்கிறார்கள். நியூயார்க்கில் ஒரு நர்சிங் ஹோமும் இருக்கிறதாம், அங்கே 45 டாலர். இவர் 1983-இல் குவைத்தில் பிறந்து, 1990 சண்டையின்போது அப்பா அம்மாவோடு ஊருக்கு வந்தவர். இவருக்கு அமெரிக்கா போக மனசில்லை. மாமி (இவருடைய அம்மா) ஊரில் தனியாக இருக்கிறார்கள், கொஞ்சம் ரப்பர் இருக்கிறது, வீட்டுக்கடன் இன்னும் 14 லட்சம். நான் மட்டும் முதலில் போய் ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டு, சரிவந்தால் இவர்களைக் கூப்பிடலாம் என்று நினைக்கிறேன். அவ்வளவு பெரிய ஊரில் சமாளிக்க முடியுமா? மார்த்தாண்டத்தில் ஒருவர் பேப்பர் வேலைக்கு என்று நாலு லட்சம் கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில்:

அன்புத் தங்கச்சி, நாலு லட்சத்தை முதலில் முடித்துவிடுவோம். ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். உங்கள் மனு ஏற்கெனவே அமெரிக்காவில் இருக்கிறது. மார்த்தாண்டத்தில் உட்கார்ந்துகொண்டு அதை ஒரு நாள்கூட முன்னால் நகர்த்த யாராலும் முடியாது.

இனி உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரிக்கு வருகிறேன். "நான் மட்டும் முதலில் போய்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தானே நடந்திருக்கிறது. ஒருவர் போவார், ரூம் பார்ப்பார், ஒரு வருஷம் கழித்து மற்றவர்களைக் கூப்பிடுவார். நானும் 1999-இல் ஹூஸ்டனுக்கு நர்ஸாக அப்படித்தான் போனேன். ஆனால் உங்களுக்கு அந்த வழி இல்லை. இதை ஏஜென்சி உங்களிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

விஷயம் இதுதான். நீங்கள் போட்டிருப்பது ஈபி-3 என்கிற வேலைவாய்ப்பு கிரீன் கார்டு வரிசை. அதில் வரிசை குடியுரிமையைப் பார்த்துப் போவதில்லை, பிறந்த நாட்டைப் பார்த்துப் போகிறது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு 2025-ஆம் வருஷத்திலும் 2012 கடைசியிலும் 2013-லும் போட்ட மனுக்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குவைத் போன்ற நாடுகளில் பிறந்தவர்களுக்கோ அதே வருஷத்திலேயே 2023-க்கு வந்துவிட்டார்கள். கணவன் மனைவியில் ஒருவர் பிறந்த நாட்டின் வரிசையை மற்றவர் எடுத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஏஜென்சி சொன்னது அந்த அளவுக்கு உண்மை. பொய் இல்லை.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. மனு உங்கள் பெயரில், வரிசை அவருடைய பிறப்பில். அப்படி இருக்கும்போது இரண்டு பேரும் ஒன்றாக விசா வாங்கி ஒன்றாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். நீங்கள் முந்திப் போக முடியாது, அவரும் முடியாது. பிள்ளைகள் வேண்டுமானால் பிறகு வரலாம். அவர் பிறகு வர முடியாது. அவர் வரவில்லை என்றால் நீங்கள் பழையபடி இந்தியா வரிசைக்குப் போய்விடுவீர்கள். 2023-இல் போட்ட மனு அங்கே எப்போது வரும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் மகளுக்கு இப்போது 13 இருக்கும். 21 தாண்டினால் உங்களோடு கிரீன் கார்டு வாங்கும் தகுதியே அவளுக்குப் போய்விடும். சட்டம் கொஞ்சம் வயதைக் கழித்துக் கணக்குப் பண்ணுகிறது, ஆனாலும் அத்தனை வருஷத்துக்கு அது தாங்காது.

அதனால் "போகலாமா" என்பதை நீங்களும் நானும் பேசி முடிவெடுக்க முடியாது. உங்கள் வீட்டுக்காரர் அதே விமானத்தில் உங்கள் பக்கத்து சீட்டில் மனசோடு உட்கார வேண்டும். அவர் மனசு இல்லாமல் வந்தால் என்ன ஆகும் என்று நான் அங்கே இருபத்தோரு வருஷம் பார்த்திருக்கிறேன். மனைவி நைட் டியூட்டி முடித்து வருவாள். கணவர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு டிவி முன்னால் இருப்பார். இரண்டு பேருமே நல்லவர்கள்தான். ஆனால் ஊரில் பத்துப் பேருக்கு வேலை சொன்ன மனுஷனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, பேச ஆளும் இல்லை. இரண்டாவது வருஷத்தில் வீட்டுக்குள் பேச்சு குறைந்துவிடும். இப்படி முடிந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். அதனால் அவருடைய வேலையைப் பற்றித்தான் முதலில் எழுதப் போகிறேன். உங்கள் வேலை பற்றி எனக்குப் பயமில்லை.

உங்களோடு அவருக்கும் கிரீன் கார்டு கிடைக்கும். இறங்கிய பிறகு யாரிடமும் தனி அனுமதி கேட்காமல் வேலைக்குப் போகலாம். ஆனால் குவைத்தில் எத்தனை வருஷம் வயரிங் செய்திருந்தாலும் டெக்சாஸ் மாநிலத்தில் உடனே எலக்ட்ரீஷியன் ஆகிவிட முடியாது. அங்கே முதலில் அப்ரென்டிஸாகப் பதிவு பண்ண வேண்டும். மாஸ்டர் எலக்ட்ரீஷியன் ஒருவருக்குக் கீழே 8,000 மணி நேரம் வேலை செய்து, பரீட்சை எழுதினால்தான் ஜர்னிமேன் லைசென்ஸ். முழு நேர வேலை என்றால் கிட்டத்தட்ட நாலு வருஷம். அங்கே வீடுகளுக்கு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். கம்பியின் நிறக் குறியீடுகூட வேறு. 42 வயதில் இருபது வயசுப் பையன்களோடு ஏணி பிடித்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டியிருக்கும். சம்பளமும் முதலில் உங்களுடையதில் பாதி அளவில்தான் இருக்கும்.

இதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: ஹூஸ்டன் எண்ணெய் சுத்திகரிப்பும் பெட்ரோகெமிக்கலும் நிறைந்த ஊர். கப்பல் கால்வாய்க் கரை முழுக்கத் தொழிற்சாலை. கை வேலை தெரிந்தவனுக்கு அங்கே மரியாதை உண்டு. லைசென்ஸ் வாங்கிய எலக்ட்ரீஷியன் நர்ஸுக்குச் சமமாகச் சம்பாதிப்பதை நான் பார்த்திருக்கிறேன். நாலு வருஷம் பொறுமையாக இருக்க முடியுமா என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர் ஆண்கள் சண்டை வேண்டாம் என்பதற்காகவும் அப்படிச் சொல்வார்கள்.

அவருடைய சர்வீஸ் பணம் இன்னொன்று. குவைத்தின் தனியார் துறைத் தொழிலாளர் சட்டப்படி, ஐந்து வருஷத்துக்கு மேல் பத்து வருஷத்துக்குள் தானாக வேலையை விட்டால் பணிக்கொடையில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். பத்து வருஷம் முடிந்துவிட்டால் முழுசும் கிடைக்கும். ஐந்து மாதம்தான் பாக்கி. அமெரிக்கக் குடியேற்ற விசா குத்திய பிறகு பொதுவாக ஆறு மாதம் வரை செல்லும், மெடிக்கல் எடுத்த தேதியைப் பொறுத்து. மாதச் சம்பளக்காரர் கொடுக்க வேண்டிய நோட்டீஸ் மூன்று மாதம். மூன்றையும் ஒரு காலண்டரில் குறித்துப் பாருங்கள், அவசரப்படாமல் போனால் எல்லாமே பொருந்தி வரும். விசா பாஸ்போர்ட்டில் குத்திக் கையில் வருகிற வரைக்கும் இரண்டு பேரும் ராஜினாமா எழுதக் கூடாது. ஏஜென்சி எத்தனை தடவை போன் பண்ணினாலும் சரி. அமெரிக்க விதிகள் இப்போது அடிக்கடி மாறுகின்றன.

அதற்கும் முன்னால் ஒரு காகிதம் இருக்கிறது. அவருடைய பிறப்புச் சான்றிதழ். இந்தக் கதவு முழுக்க அந்த ஒரு காகிதத்தில்தான் தொங்குகிறது. 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் வந்தபோது நம் ஆட்கள் கட்டின துணியோடு ஜோர்டானுக்கு ஓடினார்கள். அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்களில் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் அளவில் ஊர் திரும்பினார்கள். பெட்டியும் பேப்பரும் அங்கேயே போய்விட்ட குடும்பங்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ. அப்படி வந்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிறந்த இடம் என்று அருமனை, குழித்துறை என்றே எழுதிவிட்டார்கள். அது எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கும் அங்கிருந்து பாஸ்போர்ட்டுக்கும் போயிருக்கும். அவர் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் என்ன என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். குவைத் என்று இல்லாவிட்டால், குவைத் சுகாதார அமைச்சகத்தில் 1983 பதிவிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வாங்கி, இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைத் திருத்த வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் குவைத்திலேயே இருப்பது பெரிய வசதி. ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்ய அலைந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

சரி, பணத்துக்கு வருவோம். மணிக்கு 38 டாலர் என்று கேட்டதும் ரூபாயில் பெருக்கிப் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் மூன்று, 36 மணி. வருஷத்துக்கு 71,000 டாலர், மாதம் 5,900. ரூபாயில் ஐந்து லட்சத்தைத் தாண்டும். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. இரண்டு பிள்ளைகள், ஒருவர் சம்பளம் என்றால் கழிவுகள் போக மத்திய வருமான வரியும் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். ஆனால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்று 7.65 சதவீதம் பிடிப்பார்கள், அது 450 டாலர். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீட்டில் உங்கள் பங்கு ஒரு 550. இரண்டு படுக்கையறை வீடு 1,500. கரண்ட், தண்ணீர், இன்டர்நெட், போன் 350. ஹூஸ்டன் வெயிலில் ஏசி நிற்காது. சாப்பாட்டுச் சாமான் 800. கார் லோன், கார் இன்சூரன்ஸ், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 850. மீதி 1,400 டாலர். ரூபாயில் கிட்டத்தட்ட ஒன்றேகால் லட்சம்.

இப்போது நீங்கள் அனுப்புவதும் ஒன்றேகால் லட்சம்தானே. அதாவது முதல் இரண்டு வருஷம் அமெரிக்காவிலிருந்து நீங்கள் அனுப்புவது குவைத்திலிருந்து அனுப்புவதைவிட அதிகமாக இருக்காது, குறையவும் செய்யலாம். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து எமர்ஜென்சிக்குப் போனால், டிடக்டிபிள், அதாவது காப்பீடு தர ஆரம்பிக்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை, முடியும் வரை கைக்காசுதான். காப்பீடு இருந்தாலும் அப்படித்தான். இதெல்லாம் சொல்லாமல் "ஐந்து லட்சம் சம்பளம்" என்று மட்டும் ஊரில் சொல்லிவிட்டுப் போய், அந்தப் பேரைக் காப்பாற்ற எக்ஸ்ட்ரா டியூட்டி பார்த்து முதுகை உடைத்துக்கொண்ட சகோதரிகள் உண்டு. மாமியிடமும் உங்கள் வீட்டாரிடமும் இந்தக் கணக்கை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கடனைப் பாதியாவது குறைத்துவிட்டு, கையில் பத்தாயிரம் டாலராவது வைத்துக்கொண்டு இறங்குங்கள். உங்களுக்கு அங்கே கிரெடிட் ஹிஸ்டரி பூஜ்யம். வாடகை வீட்டின் உரிமையாளர் கூடுதல் அட்வான்ஸ் கேட்பார், கார் லோனுக்கு வட்டி அதிகம் போடுவார்கள். முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருக்கும், பிறகு மெல்ல மாறும்.

நியூயார்க் 45 டாலரைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். அங்கே மாநில வரி, நகர வரி இரண்டும் உண்டு, வாடகை கிட்டத்தட்ட இரட்டிப்பு, குளிரும் நம் உடம்புக்குப் புதிது. அதைவிட முக்கியம், அது நர்சிங் ஹோம். பன்னிரண்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நின்ற கை உங்களுடையது. மூன்று வருஷம் அதை விட்டுவிட்டால், பிறகு ஆஸ்பத்திரியில் சேரும்போது புதிய நர்ஸைப்போல நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார்கள். இரண்டில் ஒன்று என்றால் ஹூஸ்டன்தான்.

"அவ்வளவு பெரிய ஊர்" என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும், கடலிலிருந்து மலை வரைக்கும் நம் மாவட்டம் முழுவதையும் சேர்த்தால் எவ்வளவு பரப்போ கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஹூஸ்டன் மாநகரம். சுமார் 1,700 சதுர கிலோமீட்டர். அங்கே இருப்பது 23 லட்சம் பேர். 2011 கணக்கில் நாம் பதினெட்டரை லட்சத்துக்கு மேல் இருந்தோம். ஆக நீங்கள் ஏற்கெனவே அந்த அளவுள்ள ஓர் ஊரில் பிறந்தவர்தான். வித்தியாசம் என்னவென்றால், அருமனையில் சாலைக்கு வந்து நின்றால் பஸ் வரும். ஹூஸ்டனில் பல இடங்களில் அப்படி வராது. கார் ஓட்டத் தெரியாமல் போனால் வீட்டுச் சிறைதான். குவைத்தில் லைசென்ஸ் இல்லை என்றால் இப்போதே வாங்கப் பாருங்கள், முடியாவிட்டால் லீவில் ஊரில் வாங்குங்கள். டெக்சாஸில் குடியேறியவர்கள் செல்லுபடியாகும் வெளிநாட்டு லைசென்ஸை வைத்து 90 நாள் வரை ஓட்டலாம், அதற்குள் அங்கத்திய லைசென்ஸ் எடுத்துவிட வேண்டும். முதல் சில மாதத்துக்கு மெட்ரோ ரயிலின் சிவப்புப் பாதை ஓரமாக வீடு பார்த்தால் நல்லது, அது மெடிக்கல் சென்டர் வழியாகவே போகிறது.

அந்த டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் உலகத்திலேயே பெரிய மருத்துவ வளாகம். நாகர்கோவில் நகரத்தில் ஒரு பாகத்தைப் பெயர்த்து எடுத்து முழுக்க ஆஸ்பத்திரியாகக் கட்டினதுபோல இருக்கும். முதல் நாள் நான் வழி தெரியாமல் அழுதிருக்கிறேன். பக்கத்தில் வந்து தோளைத் தொட்டுப் "நாட்டில் எவிடே?" (ஊரில் எங்கே?) என்று கேட்டது கோட்டயத்துக்காரி ஒரு சேச்சி. கேரள நர்ஸ்கள் 1970-களிலிருந்தே அங்கே இருக்கிறார்கள். ஸ்டாஃபோர்ட், மிசௌரி சிட்டி, ஷுகர் லேண்ட், பேர்லேண்ட் பக்கமெல்லாம் நம்மவர்கள் நிறையப் பேர். மலையாள சபைகள் பல இருக்கின்றன, தமிழ் ஆராதனையும் உண்டு, பேர்லேண்டில் மீனாட்சி அம்மன் கோயில் உண்டு. அருமனைக்காரிக்கு மலையாளம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மதுரை, திருச்சியிலிருந்து வருகிறவர்களுக்கு இல்லாத ஒரு துணை அது. மரச்சீனிக் கிழங்கும் கிடைக்கும். மெக்சிகோக்காரர்களின் கடைகளில் யூகா என்று கேளுங்கள். மேலே மெழுகு தடவியிருப்பார்கள், தோலைக் கொஞ்சம் தடிமனாகச் சீவ வேண்டும், அவ்வளவுதான்.

வேலையில் உங்களுக்குப் புதிதாக இருக்கப் போவது மூன்று. எழுத்து வேலை: செய்ததைவிடச் செய்ததைப் பதிவு செய்வதற்குத்தான் அதிக நேரம் போகும், எல்லாம் கம்ப்யூட்டரில். ஸ்பானிஷ்: நோயாளிகளில் பலர் அதுதான் பேசுவார்கள், "டொலோர்" என்றால் வலி. மூன்றாவது, வாய் திறப்பது. டாக்டர் எழுதிய மருந்தளவு தவறு என்று தோன்றினால் கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் கொடுத்தால் நீங்கள்தான் பொறுப்பு. நோயாளிகளின் எண்ணிக்கை கைமீறிப் போகிறது என்றால் டெக்சாஸ் நர்ஸுக்கு "சேஃப் ஹார்பர்" என்று ஒரு சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்த ஷிஃப்ட் ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்தால் லைசென்ஸுக்குப் பாதிப்பு வராது. ஓரியண்டேஷனில் இதை வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், நீங்கள் நின்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் பற்றி நீங்கள் கடிதத்தில் ஒன்றுமே எழுதவில்லை. அதுதான் எனக்குக் கவலை. நான் 1999-இல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை விமானத்தில்தான் படித்தேன். மூன்று வருஷம் என்று நினைத்திருந்தேன். அதில் இருந்தது மணிக்கணக்கு, அதுவும் ஓவர்டைம் கணக்கில் சேராது. நாற்பது மணிக்கு மேல் பார்த்த வேலையெல்லாம் எனக்குச் சம்பளமாக வந்ததே தவிர, ஒரு நாளும் குறையவில்லை. ஐந்து மாதம் கூடுதலாக அந்த இடத்திலேயே நின்றேன். எந்த ஏஜென்சி என்பது இப்போது முக்கியமில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது இவை: கணக்கு மாதத்திலா மணியிலா, ஓவர்டைம் சேருமா, இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், நாள் போகப் போக அந்தத் தொகை குறையுமா, உங்களை வேலைக்கு வைத்திருப்பது ஆஸ்பத்திரியா ஏஜென்சியா. 2019-இல் நியூயார்க்கில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், ஃபிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் போட்ட வழக்கில், இடையில் விட்டால் 25,000 டாலர் என்ற ஷரத்து செல்லாது என்றும், அது ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தையே மீறுகிறது என்றும் தீர்ப்பளித்தது. அப்படி ஒரு தொகையைக் கண்டால் பயந்து கையெழுத்துப் போட வேண்டாம், எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம். வெளிநாட்டு நர்ஸ்களின் படிப்பைச் சரிபார்க்கும் சிஜிஎஃப்என்எஸ் அமைப்பு (இப்போது பெயர் ட்ரூமெரிட்) நேர்மையான ஆள்சேர்ப்பு நிறுவனங்களுக்குச் சான்று கொடுக்கிறது, உங்கள் ஏஜென்சி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மகளைப் பற்றி. அங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஹைஸ்கூல், அதிலிருந்து வரும் மதிப்பெண்கள்தான் கல்லூரிக்குப் போகும். எட்டு முடித்து ஒன்பதில் சேருவது நல்ல நேரம். பதினொன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தால் அவள் திணறுவாள். பள்ளி ஆகஸ்டில் திறக்கும். அரசுப் பள்ளியில் ஃபீஸ் இல்லை. ஆனால் எந்தப் பள்ளி என்பதை வீட்டு விலாசம் தீர்மானிக்கும். ஆகவே வாடகை பார்க்கும்போது பள்ளியைப் பார்த்துவிட்டு வீட்டைப் பாருங்கள். மகன் சின்னவன், ஒரு மாதத்தில் ஒட்டிக்கொள்வான். மகளிடம் மட்டும் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். அந்த வயதில் சிநேகிதிகளை விட்டுவிட்டு வருவது சின்ன விஷயமில்லை.

வீடு பார்க்கும்போது வெள்ள வரைபடத்தையும் பார்க்கச் சொல்வேன். 2001-இல் ஆலிசன் புயலில் மெடிக்கல் சென்டரின் அடித்தளங்களெல்லாம் தண்ணீர். 2017 ஆகஸ்டில் ஹார்வி வந்தபோது நான் ரைட் அவுட் டீமில் இருந்தேன். புயல் முடியும் வரை ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வராமல் வேலை பார்க்கும் குழு அது. ஐந்து நாள் வீட்டுக்குப் போகவில்லை. ஆலிசனுக்குப் பிறகு வைத்த வெள்ளக் கதவுகள் இந்தத் தடவை காப்பாற்றின. அதே வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி. அம்மா போனில் "ரப்பர் எல்லாம் சாய்ஞ்சு போச்சு மக்களே" என்று சொன்னபோது என் வீட்டுத் தரை இன்னும் காயவில்லை. நமக்குப் புயல் புதிதில்லை, ஆனால் அங்கே சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குத் தராது, தனியாக எடுக்க வேண்டும். வாடகை வீட்டிலும் உங்கள் சாமானுக்கு எடுத்து வையுங்கள்.

மாமி. இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் அமெரிக்கக் குடியுரிமை வாங்க, கிரீன் கார்டுக்குப் பிறகு ஐந்து வருஷம் ஆகும். உங்கள் வீட்டுக்காரர் குடியுரிமை வாங்கிய பிறகுதான் தன் அம்மாவுக்கு மனுப் போட முடியும். அதுவரைக்கும் சுற்றுலா விசாதான். அதற்கு எடுக்கும் காப்பீடு பழைய நோய்களுக்குப் பெரும்பாலும் உதவாது. ஆக, மாமி ஊரில்தான் இருப்பார்கள். குவைத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஐந்து மணி நேரம். காலையில் போன் வந்தால் ராத்திரிக்கு அருமனையில் நிற்கலாம். ஹூஸ்டனிலிருந்து தோஹாவோ துபாயோ மாறி வர, டிக்கெட் உடனே கிடைத்தாலும் ஒரு பகலும் இரவும் போய்விடும். என் அப்பா ஆஸ்பத்திரியில் மூன்று நாள் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வந்து சேர்ந்தது அடக்கத்துக்கு மறுநாள். இதை உங்களைத் தடுக்கச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு மனசில்லை என்று எழுதியிருந்தீர்களே, அவர் மனசில் இருப்பது எலக்ட்ரீஷியன் லைசென்ஸ் இல்லை, இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் அதை வாய்விட்டுச் சொல்ல இடம் கொடுங்கள். மாமியோடு யார் ராத்திரி படுப்பார்கள், ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவார்கள், ரப்பர் பால்வெட்டுக்கும் ஷீட்டுக்கும் யார் பொறுப்பு என்று ஆள் பேரோடு முடிவான பிறகு அவரிடம் திரும்பக் கேட்டுப் பாருங்கள். பதில் மாறலாம்.

குவைத்தில் இகாமா என்கிற வசிப்பு அனுமதி வேலையோடு கட்டியது, வேலை முடிந்தால் பெட்டி கட்ட வேண்டும். அமெரிக்காவில் பத்து வருஷம் வேலை பார்த்து வரி கட்டினால் வயதான காலத்தில் சோஷியல் செக்யூரிட்டி, 65 வயதில் மெடிகேர். 39 வயதில் போகிற உங்களுக்கு அதற்குத் தாராளமாகக் காலம் இருக்கிறது. பிள்ளைகள் எங்கே வாழ்வது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளலாம். அதனால் நான் போகச் சொல்கிற பக்கம்தான். ஆனால் இரண்டு பேருமாக, மாமிக்கு ஏற்பாடு செய்துவிட்டு, ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு. உங்கள் வீட்டுக்காரர் எல்லாம் கேட்ட பிறகும் வேண்டாம் என்றால், ஹூஸ்டனை விட்டுவிடுங்கள். அவரை இழுத்துக்கொண்டு போகும்படி நான் சொல்ல மாட்டேன்.

வரும் வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு இருந்தால், ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு இந்தப் பதிலை அவரிடமே படிக்கக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய பிறப்புப் பதிவுக்காக விசாரியுங்கள். அது கையில் வந்ததும் அதன் நகலையும் ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் எனக்கு அனுப்பி வையுங்கள்.